ஊசிக்கு முன் தோலைத் துடைப்பது எப்படி? கிருமிநாசினி ஸ்வாப் குறித்த முழுமையான வழிகாட்டி

சில்லென்று ஒரு துடைப்பு, சுருக்கென்று ஓர் ஊசி. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று கேட்டால், நாள்தோறும் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்பவர்கள்கூடச் சற்றுத் தயங்குவார்கள். தோலில் ஈரம் மினுமினுக்கும்போதே ஊசியை ஏற்றிவிடுவது அத்தனை பரவலான பழக்கம். ஆனால் ஸ்வாபில், அதாவது கிருமிநாசினியில் நனைத்த சிறு துணியில், உள்ள மருந்து தன் வேலையை முடிப்பது அந்த இடைவெளியில்தான். துடைத்துவிட்டுக் காத்திருக்காதவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்.

வீட்டில் இன்சுலின் அல்லது இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினர், செவிலியர் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அறுவைச் சிகிச்சைக்கும், பெரிய சிரைகளில் குழாய் பொருத்துவதற்கும் தோலைத் தயார் செய்வது பயிற்சி பெற்றவர்களின் வேலை. அங்கே என்ன நடக்கிறது என்பதை நோயாளியாகத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. அந்த அளவுக்கு மட்டும் அதைத் தொட்டுச் செல்கிறேன்.

தோலில் இருப்பவை

நம் தோலில் இரண்டு வகைக் கிருமிகள் இருக்கின்றன. வந்து ஒட்டிக்கொண்டு போகிறவை ஒரு வகை. கதவுப் பிடியிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் பிறர் கையிலிருந்தும் வருபவை இவை. சோப்பும் தண்ணீருமே இவற்றில் பெரும்பகுதியை அகற்றிவிடும். மற்றவை நிரந்தரக் குடியிருப்போர். ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற பாக்டீரியாக்கள் தோலின் மேலடுக்கிலும், முடிக்கால்களின் பள்ளத்திலும், சுரப்பிகளின் வாயிலும் வாழ்கின்றன. தோலின் மேல் இருக்கும்வரை அவற்றால் தொல்லை இல்லை. ஊசியோடு சேர்ந்து உள்ளே போனாலோ, உடலுக்குள் பொருத்திய குழாயில் ஒட்டிக்கொண்டாலோ கதை மாறுகிறது.

ஆழத்தில் இருப்பவற்றை எந்த ஸ்வாபாலும் முழுமையாக எட்ட முடியாது. கத்தரிக்கோலையும் கிண்ணத்தையும் கிருமியே இல்லாததாக ஆக்கலாம். உயிருள்ள தோலை அப்படி ஆக்க முடியாது. கிருமிகளின் எண்ணிக்கையை உடல் சமாளிக்கும் அளவுக்குக் குறைப்பதுதான் நம் நோக்கம். துடைத்த இடத்தை மறுபடியும் விரலால் தொட்டால், குறைத்த எண்ணிக்கையை நாமே கூட்டிவிடுகிறோம்.

உறைக்குள் என்ன இருக்கிறது?

வீடுகளில் பெரும்பாலும் புழங்குவது 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சிறு சதுரத் துணி. எழுபதுக்கு இவ்வளவு மதிப்பு என்றால் தொண்ணூற்றொன்பது இன்னும் வலுவாக இருக்குமே என்று தோன்றும். நடப்பது வேறு. ஆல்கஹால் பாக்டீரியாவின் புரதங்களைச் சிதைத்துத்தான் அதைக் கொல்கிறது. அந்தச் சிதைவு நடக்கத் தண்ணீரும் வேண்டும். தண்ணீரே இல்லாத ஆல்கஹால், கிருமியின் வெளிப்புறப் புரதத்தை உடனே கெட்டியாக்கி அதையே ஒரு கவசமாக மாற்றிவிடும். போதாக்குறைக்கு, வேலை முடியும் முன்பே ஆவியாகியும் போய்விடும்.

ஆல்கஹாலுக்கு ஒரு பலவீனம் உண்டு. பேசில்லஸ், குளோஸ்ட்ரிடியம் போன்ற பாக்டீரியா இனங்கள் உருவாக்கும் வித்துகளை, அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கிக் கிடக்கும் அவற்றின் வடிவத்தை, அதனால் அழிக்க முடியாது. 2011 ஜனவரியில் அமெரிக்காவில் ஆல்கஹால் ஸ்வாப்கள் பெருமளவில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. காரணம், அவற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா கலந்திருக்கலாம் என்பது. கிருமிநாசினிக்குள்ளேயே கிருமியா என்று வியந்தவர்கள் உண்டு. வித்துகளைத் தெரிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. ஸ்வாப் உறைகளில் 'ஸ்டெரைல்' என்று அச்சிட்டவையும் அச்சிடாதவையும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சிடாதவை தயாரிப்புக்குப் பிறகு கிருமி நீக்கம் செய்யப்படாதவை. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும், சிரையில் குழாய் பொருத்தியிருப்பவர்களுக்கும் 'ஸ்டெரைல்' என்று குறிப்பிட்டதையே வாங்குங்கள்.

குளோர்ஹெக்சிடின் என்ற இன்னொரு கிருமிநாசினியும் ஆல்கஹாலும் கலந்தவை அடுத்த வகை. ஆல்கஹால் உடனே தாக்கும். உலர்ந்த பிறகு அதன் வேலை முடிந்தது. குளோர்ஹெக்சிடின் தோலிலேயே தங்கிப் பல மணி நேரம் காவல் காக்கும். அதனால்தான் நாள்கணக்கில் உடலில் இருக்கப்போகும் குழாய்களைப் பொருத்தும் முன் இந்தக் கலவையை விரும்புகிறார்கள். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், 849 அறுவைச் சிகிச்சை நோயாளிகளிடம் குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹால் கலவையும் போவிடோன் அயோடினும் ஒப்பிடப்பட்டன. முதல் பிரிவில் 9.5 சதவீதத்தினருக்கும் இரண்டாவதில் 16.1 சதவீதத்தினருக்கும் அறுவை செய்த இடத்தில் தொற்று ஏற்பட்டது.

போவிடோன் அயோடின் பழுப்பு நிறக் கரைசல். வழக்கமான 10 சதவீதக் கரைசலில் கிருமியோடு மோதக் கிடைக்கும் அயோடின் 1 சதவீதம். இதற்குப் பொறுமை வேண்டும். ஏறத்தாழ 2 நிமிடம் தோலில் இருந்து உலர்ந்தால்தான் பயன். இரத்தமும் சீழும் இருக்கும் இடத்தில் இதன் வலு குறையும். மீனும் இறாலும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அயோடினும் ஒத்துக்கொள்ளாது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. கடல் உணவு ஒவ்வாமையைத் தூண்டுவது அந்த உயிரினங்களின் புரதம்தான், அயோடின் அல்ல. போவிடோன் அயோடின் பட்டே முன்பு தடிப்பு வந்திருந்தால் அது வேறு விஷயம். அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

ஆல்கஹால் இல்லாத பென்சால்கோனியம் குளோரைடு ஸ்வாப்களும் கிடைக்கின்றன. ஆல்கஹால் பட்டால் எரியும் தோலுக்கு இவை இதம்.

எல்லா ஊசிக்கும் ஸ்வாப் தேவையா?

தேவையில்லை என்பதுதான் பலருக்குச் செய்தியாக இருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட ஊசி வழிமுறைகளின்படி, தோலுக்குள்ளும் தோலுக்கடியிலும் போடும் ஊசிகளுக்கும், தசையில் போடும் தடுப்பூசிகளுக்கும் தோல் சுத்தமாக இருந்தால் போதும். அழுக்கு இருந்தால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். சிகிச்சைக்காகத் தசையில் போடும் ஊசிக்கும், சிரையிலிருந்து இரத்தம் எடுப்பதற்கும், சிரைக்குள் மருந்து செலுத்துவதற்கும் ஆல்கஹால் வேண்டும்.

ஆகவே குளித்து முடித்த கையோடு இன்சுலின் போட்டுக்கொள்பவர், ஸ்வாப் தீர்ந்துவிட்டதே என்று ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மருத்துவரோ செவிலியரோ துடைத்துவிட்டுப் போடுங்கள் என்று சொல்லியிருந்தால் அப்படியே செய்யுங்கள். துடைப்பதென்றால் ஒழுங்காகத் துடைக்க வேண்டும். அரைகுறையாகத் துடைத்து ஈரத்தோடு குத்துவதைவிட, சுத்தமான உலர்ந்த தோலில் அப்படியே போடுவது மேல் என்பது என் கருத்து. எரிச்சலாவது இருக்காது.

படிப்படியாக

1. தேவையானவற்றை முதலில் எடுத்து வையுங்கள்: இரண்டு ஸ்வாப், உலர்ந்த பஞ்சு அல்லது காஸ் துணி, பயன்படுத்திய ஊசியைப் போடுவதற்கான கெட்டியான டப்பா. துடைத்த பிறகு எழுந்து போய்ப் பஞ்சு தேடினால், திரும்பி வரும்போது எந்த இடத்தைத் துடைத்தோம் என்பதே மறந்திருக்கும்.

2. கையைக் கழுவுங்கள். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி. கழுவிய கை நன்றாக உலரட்டும்.

3. ஊசி போடும் இடத்தைப் பாருங்கள். சிவப்பு, வீக்கம், கொப்புளம், காயம், தழும்பு இருந்தால் வேறு இடம் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ வியர்வையோ எண்ணெயோ களிம்போ இருந்தால் சோப்பால் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். அழுக்கின் மேல் தடவிய கிருமிநாசினி அழுக்கோடு மட்டுமே மோதும். குளோர்ஹெக்சிடின் பயன்படுத்துவதாக இருந்தால், சோப்பு நுரை சிறிதும் மிஞ்சாமல் அலசுங்கள். சோப்பு அதன் வலுவைக் குறைத்துவிடும். ரோமம் அடர்த்தியாக இருக்கிறதென்று சவரம் செய்ய வேண்டாம். சவரக் கத்தி கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். கிருமிகள் குடியேற அவை தோதான இடம். ரோமத்தை நீக்கியே ஆக வேண்டுமென்றால், தோலில் படாமல் கத்தரிப்பதே முறை.

4. உறையைச் சோதியுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். விரல்களுக்கிடையே உறையை லேசாக அழுத்தினால் உள்ளே ஈரத் துணி நழுவுவது தெரியும். விறைப்பாகச் சருகு போல இருந்தால் எங்கோ நுண்ணிய துளை விழுந்து ஆல்கஹால் ஆவியாகியிருக்கிறது. அதைத் தூக்கிப் போடுங்கள். சட்டைப் பையிலும் கைப்பையிலும் சாவிக்கொத்தோடு கிடந்த ஸ்வாப்களில் இது அடிக்கடி நிகழும்.

5. வெட்டுக்குறி இருக்கும் ஓரத்திலிருந்து கிழியுங்கள். பல்லால் கிழிக்காதீர்கள். துணியின் ஒரு மூலையை மட்டும் பிடித்து வெளியே எடுங்கள். முழுதாக உதறி விரிக்க வேண்டியதில்லை. மடிப்போடு வைத்துக்கொண்டால் ஈரம் நீடிக்கும், விரல் படாத பக்கமும் பத்திரமாக இருக்கும். எடுத்ததும் பயன்படுத்துங்கள். உறையைக் கிழித்து வைத்துவிட்டு மருந்து ஏற்றப் போனால், வருவதற்குள் துணி பாதி உலர்ந்துவிடும்.

6. ஊசி குத்தும் புள்ளியில் விரல் படாத பக்கத்தை வைத்து, சற்றே அழுத்தி, நடுவிலிருந்து வெளிநோக்கி வட்டமாக விரிந்துகொண்டே போங்கள். வெளிவட்டத்தைத் தொட்ட துணி மறுபடியும் நடுவுக்கு வரக்கூடாது. அப்படி வந்தால் ஓரத்தில் ஒதுக்கிய கிருமியை நாமே கொண்டுவந்து நடுவில் வைக்கிறோம். தோல் நன்றாக நனைய வேண்டும். மொத்தம் 30 விநாடி. கடிகாரத்தைப் பார்த்துச் செய்தால்தான் அது எவ்வளவு நீளம் என்பது புரியும். மனத்துக்குள் எண்ணுகிறவர்கள் பத்திலேயே முப்பதைத் தொட்டுவிடுகிறார்கள். துணியில் அழுக்குப் படிந்திருப்பது தெரிந்தால் புதிய ஸ்வாபை எடுத்து முதலிலிருந்து தொடங்குங்கள்.

7. உலர விடுங்கள். இன்னொரு 30 விநாடி ஆகலாம்; காற்றும் ஈரப்பதமும் பொறுத்துக் கூடக் குறைய இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஈரத் தோலில் கண்ணாடி போன்ற ஒரு மினுமினுப்பு தெரியும். அந்த மினுமினுப்பு ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் நடுவிலும் மறையும். மறைந்தால் உலர்ந்துவிட்டது என்று பொருள். வாயால் ஊதாதீர்கள், வாய்க் காற்றோடு எச்சிலின் நுண்துளிகளும் வரும். கையால் விசிறுவதும் வேண்டாம். பஞ்சால் ஒற்றி எடுப்பது எல்லாவற்றையும்விட மோசம். கொல்லும் மருந்தை நேரம் முடியும் முன்பே அகற்றுவதோடு, புதிதாக ஒரு பொருளையும் அந்த இடத்தில் வைத்து எடுக்கிறோம்.

8. தொடாதீர்கள். சிரை எங்கே என்று மீண்டும் தடவிப் பார்க்கும் ஆசை வரும். தடவினால் மறுபடியும் துடைக்க வேண்டும். கையுறை போட்டிருந்தாலும் இது பொருந்தும். கிருமி நீக்கம் செய்யாத கையுறை, விரலை விட எவ்விதத்திலும் தூய்மையானதல்ல.

9. ஊசியை எடுத்ததும் உலர்ந்த பஞ்சை வைத்து அழுத்துங்கள். துடைத்த அதே ஸ்வாபை வைத்து அழுத்துவது தவறு. ஏற்கெனவே அழுக்கை ஏந்திய துணி அது. ஆல்கஹால் புதிய துளையில் பட்டு எரியவும் செய்யும்.

ஊசி போட்டால் எரிகிறது என்று சொல்பவர்களில் பலருக்கு எரிச்சல் தருவது மருந்து அல்ல. உலராத ஆல்கஹால் ஊசி முனையோடு உள்ளே போவதுதான். ஏழாவது படியை ஒழுங்காகச் செய்தாலே இது பெரிதும் குறையும்.

வட்டமா, குறுக்கும் நெடுக்குமா?

மேலே சொன்ன வட்டமுறை ஆல்கஹாலுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது. குளோர்ஹெக்சிடின் பொருள்களின் குறிப்பேட்டில் வேறு மாதிரி இருக்கும்: முன்னும் பின்னுமாக, பிறகு குறுக்காக, 30 விநாடி அழுத்தித் தேய்க்கச் சொல்வார்கள். தோலின் மேலடுக்கில் உள்ள நுண்ணிய வரிகளுக்குள் மருந்தைச் செலுத்துவதற்காக அந்த உராய்வு. அக்குள், தொடை இடுக்கு போன்ற ஈரமான இடங்களில் 2 நிமிடம் தேய்த்து, உலரவும் கூடுதல் நேரம் தர வேண்டும். இரண்டு தரப்பும் தம் முறையே சரி என்று வாதிடுவதைக் கேட்கலாம். கையில் இருக்கும் பொருளின் உறையில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதைச் செய்வதுதான் நடைமுறையில் சரி. வடிவத்தை விட நேரமும் ஈரமும் உராய்வும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன என்று நினைக்கிறேன்.

விரல் நுனியில் சர்க்கரை பார்க்கும்போது

இங்கே ஸ்வாபை விட சோப்பும் தண்ணீரும் சிறந்தவை. பழம் நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை, ஒரு துளி இரத்தத்தில் கலந்தாலே அளவை உண்மையைவிட மிக உயர்வாகக் காட்டிவிடும். ஸ்வாபால் ஒருமுறை துடைத்தால் அந்தச் சர்க்கரை முழுவதும் போகாது. அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால் ஆபத்து. வெளியில் இருக்கிறீர்கள், தண்ணீர் இல்லை, ஸ்வாப்தான் வழி என்றால், நன்றாகத் துடைத்து முழுமையாக உலர விட்டு, முதல் துளியை உலர்ந்த பஞ்சால் எடுத்துவிட்டு இரண்டாவது துளியைப் பயன்படுத்துங்கள். விரலில் ஆல்கஹால் ஈரம் மிஞ்சியிருந்தால் அது இரத்தத்தில் கலந்து அளவைத் தவறாக்கும்.

இரத்தப் பரிசோதனைக்கு எடுக்கும்போது

சாதாரணப் பரிசோதனைக்கு மேலே சொன்ன படிகளே போதும். உலராமல் குத்தினால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சில முடிவுகள் கெடலாம். இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புப் பரிசோதனை மட்டும் தனி. அங்கே தோலிலிருந்து தப்பி வரும் ஒன்றிரண்டு பாக்டீரியாக்களே குப்பியில் பெருகி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். நோயாளிக்குத் தேவையற்ற ஆன்டிபயாடிக் கொடுக்கப்படும். அதனால் பெரும்பாலும் குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹால் கொண்டு தோலைத் தேய்ப்பதோடு, குப்பியின் ரப்பர் மூடியையும் ஆல்கஹாலால் துடைப்பார்கள். இரத்தத்தில் மதுவின் அளவைப் பார்க்க எடுப்பதென்றால் ஆல்கஹால் இல்லாத ஸ்வாபையே பயன்படுத்த வேண்டும். இதற்கு விளக்கம் தேவைப்படாது.

மருந்துக் குப்பியின் மூடி

பிளாஸ்டிக் தொப்பியை எடுத்ததும் தெரியும் ரப்பர் மூடி கிருமியற்றது என்று பலர் நம்புகிறார்கள். அந்தத் தொப்பி தூசியைத் தடுக்கத்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறை மருந்து எடுக்கும் முன்பும் மூடியை அழுத்தித் துடைத்து உலர விடுங்கள். இரண்டு ஸ்வாப் எடுத்து வைக்கச் சொன்னது இதற்குத்தான்: ஒன்று மூடிக்கு, ஒன்று தோலுக்கு. ஒன்றையே இரண்டுக்கும் பயன்படுத்திச் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.

பஞ்சு உருண்டைகளை ஒரு ஜாடியில் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு வைக்கும் பழக்கமும் இருக்கிறது. அதை உலகச் சுகாதார நிறுவனம் கூடாது என்றே சொல்கிறது. ஒவ்வொரு முறை கை உள்ளே போகும்போதும் கிருமிகள் சேர்கின்றன. மூடியைத் திறக்கத் திறக்க ஆல்கஹாலும் நீர்த்துப்போகிறது. மெத்தில் ஆல்கஹால் எனப்படும் மெத்தனாலைத் தோலைத் துடைக்கப் பயன்படுத்தவே கூடாது.

யாருக்கு, எங்கே கூடாது?

திறந்த காயத்திலும், கண்ணிலும், வாய், பிறப்புறுப்பு போன்ற மென்சவ்வுகளிலும் ஆல்கஹால் ஸ்வாப் படக்கூடாது. குளோர்ஹெக்சிடின் கண்ணிலோ காதுக்குள்ளோ போனால் நிரந்தரப் பாதிப்பு ஏற்படலாம். மூளை, தண்டுவடத்தைச் சூழ்ந்த சவ்வுகளிலும் அது படக்கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்கும் 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹால் தோலைப் புண்ணாக்கிவிடும் என்பதால் மருத்துவர் முடிவு செய்யாமல் தொடாதீர்கள். பச்சிளங்குழந்தையின் தோல் அயோடினையும் உறிஞ்சிக்கொள்ளும். தைராய்டின் வேலையை அது குலைக்கலாம்.

குளோர்ஹெக்சிடின் ஒவ்வாமை அரிது. வந்தால் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குக் கடுமையாகலாம். 2017-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதைப் பற்றித் தனியாக எச்சரித்தது. வாய் கொப்பளிக்கும் மருந்திலோ ஏதேனும் களிம்பிலோ இந்தப் பெயர் இருந்து, அதைப் பயன்படுத்தியபோது உடம்பு தடித்திருந்தால் எந்தச் சிகிச்சைக்கு முன்பும் அதைச் சொல்லுங்கள். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர உதவியை நாடுங்கள்.

ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். ஸ்வாப் பெட்டியை அடுப்படியிலும், வெயிலில் நிற்கும் காரிலும் வைக்காதீர்கள். அறுவை அரங்கில் மின்கருவியால் சுடும் முன் தோல் உலர 3 நிமிடமாவது காத்திருப்பதும், கரைசல் உடலுக்கடியில் குளம் கட்டாமல் பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

முடிந்த பிறகு

இரத்தம் படாத ஸ்வாபையும் உறையையும் சாதாரணக் குப்பையில் போடலாம். ஊசி மட்டும் கெட்டியான, மூடியுள்ள டப்பாவுக்குள் போக வேண்டும். மூடியை மறுபடியும் ஊசியில் மாட்ட முயலாதீர்கள். ஒரு நபருக்குப் பயன்படுத்திய ஸ்வாப் இன்னொருவருக்கு ஆகாது.

ஊசி போட்ட இடத்தில் லேசான வலியோ சிறு கன்றலோ ஓரிரு நாளில் மறையும். சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ, தொட்டால் சுட்டாலோ, சீழ் கோத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அதன் மேல் இன்னும் நாலு ஸ்வாப் தேய்ப்பதில் பயனில்லை. அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த மருந்து, எந்த நாள், எந்த இடத்தில் போட்டீர்கள் என்பதைக் குறித்துக் கொண்டுபோனால் அவர் வேலை சுலபமாகும்.